அஸ்தினாபுரத்து மண்ணைத் தோண்டினால்

கடோத்கசனின் எலும்புக்கூடு என்று ஒரு ராட்சத எலும்புக்கூட்டுப் படம் மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அகழாய்வு வேலை பார்ப்பவன் என்பதால் தெரிந்தவர்கள் எல்லோரும் அதை எனக்குத்தான் அனுப்புகிறார்கள். 2002-ல் ஒரு இணையப் போட்டிக்காகக் கணினியில் ஒட்டுப்போட்ட படம் அது. அடியில் இருக்கும் நிஜப் படம் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், மாஸ்டடான் என்ற பழங்கால யானையின விலங்கின் எலும்புகளைத் தோண்டியபோது எடுத்தது. நேஷனல் ஜியோகிராஃபிக்கே 2007-ல் மறுப்பு எழுதியும் படம் ஓயவில்லை.

இதையாவது ஒரு தேடலில் பிடித்துவிடலாம். நிஜமாக நடந்த அகழாய்வின் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் செய்திகள்தான் ஆளை ஏமாற்றுகின்றன.

அஸ்தினாபுரத்தையே எடுத்துக்கொள்வோம். உத்தரப் பிரதேசத்தில் மீரட் அருகே, கங்கையின் பழைய தடத்தை ஒட்டிய மேடு. தொல்லியலாளர் பி.பி. லால் 1950 முதல் 1952 வரை அங்கே தோண்டினார். ஐந்து காலத்து மண்ணடுக்குகள் வந்தன. கீழிருந்து இரண்டாவதில் கிடைத்தது, கறுப்புக் கோடும் புள்ளியும் வட்டமும் தீட்டிய, மெல்லிய சாம்பல் நிறப் பானை ஓடு. அந்த அடுக்குக்கு லால் தந்த காலம் கி.மு. 1100 முதல் 800 வரை. மதுரா, குருக்ஷேத்திரம் என்று பாரதக் கதையோடு தொடர்புள்ள பல ஊர்களிலும் இதே ஓடு கிடைப்பதை அவர் கவனித்தார்.

அந்த அடுக்கின் முடிவில் வெள்ளத்தின் தடம் இருந்தது. மேட்டின் ஒரு பகுதியை ஆறு அரித்துக்கொண்டு போயிருந்தது. லால் அதோடு விடாமல் பழைய ஆற்றுப் படுகையில் துளையிட்டுப் பார்த்தார். அடித்துப்போன குடியிருப்பின் மண் கட்டிகள் கீழே கிடைத்தன. கங்கை அஸ்தினாபுரத்தைக் கொண்டுபோனதால் நிசக்ஷு என்ற அரசன் கௌசாம்பிக்குத் தலைநகரை மாற்றினான் என்று புராணங்கள் சொல்கின்றன. இரண்டும் பொருந்துகின்றன என்றார் லால். எனக்கும் இது அழகான பொருத்தமாகவே படுகிறது. ஆனால் பொருந்துவது வெள்ளம் மட்டும்தான். போருக்கு அந்த அடுக்கில் சான்று இல்லை. இருந்தவை மண்சுவரும் நாணல் தட்டியும் கொண்ட வீடுகள்; மாளிகை கிடையாது. 'ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தைய அரண்மனை' என்று பார்வர்ட் சொன்னால், அது லாலின் அகழாய்வில் இல்லாத சரக்கு.

அப்புறம் துவாரகை. தொல்லியலாளர் எஸ்.ஆர். ராவ் தலைமையில் 1980-களில் கடலடி ஆய்வு நடந்ததும், கல் கட்டுமானங்களும் நங்கூரங்களும் கிடைத்ததும் உண்மை. ஆனால் பரவும் செய்தியில் 'ஒன்பதாயிரம் வருஷம்' என்ற கணக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அது துவாரகையே இல்லை, தூரத்தில் இருக்கும் காம்பே வளைகுடா. சென்னையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் அங்கே ஒலியலையால் கடலடியை எடுத்த சோனார் படங்களைப் பற்றி 2001-ல் அறிவிப்பு வந்தது. கடலடியிலிருந்து வாரி எடுத்த ஒரு மரத்துண்டுக்குத்தான் அந்த வயது. வேகமான நீரோட்டம் உள்ள இடம். மரம் எங்கிருந்து அடித்து வந்ததோ! மரத்தின் வயது, ஊரின் வயது ஆகாது.

உத்தரப் பிரதேசத்துச் சினௌலியிலும் இதே கதைதான். 2018-ல் கிடைத்த வண்டிகள் ஏறத்தாழ 3,800 வருஷம் பழையவை, அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் சக்கரத்தில் ஆரக்கால் இல்லை, குதிரை எலும்பும் கிடைக்கவில்லை. ரதமா, மாட்டு வண்டியா என்று அறிஞர்களே இன்னும் முட்டிக்கொள்கிறார்கள். அதற்குள் அர்ஜுனனை ஏற்றிவிட்டார்கள்.

எங்கள் வேலையில் ஒவ்வொரு பானை ஓட்டையும் கழுவிக் காயவைத்து, உள்பக்கத்தில் மசியால் குழி எண்ணும் அடுக்கு எண்ணும் எழுதுவோம். எண் இல்லாத ஓடு எவ்வளவு அழகாக இருந்தாலும் காலக்கணிப்பில் தனித்து நிற்காது. அதனால் பார்வர்ட் வந்தால் நான் தேடுவது மூன்றே விஷயம்: எந்த இடம், எந்த அடுக்கு, யாருடைய அறிக்கை.

உங்கள் நிலத்திலேயே உழும்போது ஏதாவது கிடைத்தால், கழுவாதீர்கள், மேலும் தோண்டாதீர்கள். கிடந்த இடத்தில் அப்படியே ஒரு படம் எடுத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். புதையல் சட்டம் 1878-லிருந்தே இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மறைத்தால் குற்றம்.