வேர் மூச்சு விடும் தொட்டி

மண் இல்லாமல் செடி வளர்க்கும் முறைகளில் ஒன்று, வெள்ளம் ஏறி வடியும் முறை. சத்துக்கரைசலை வேர்கள் வரை ஏற்றி, பிறகு வடியவிடுவார்கள். இதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் வெள்ளம் ஏறும் பாதியையே பேசுவார்கள். எந்த பம்ப், எவ்வளவு உரம், நாளுக்கு எத்தனை முறை என்று பேச்சு போகும். வடிகிற பாதிதான் செடியை வளர்க்கிறது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

இலை ஆக்சிஜனை வெளிவிடுகிறது என்று பள்ளியில் படித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே செடியின் வேர் நம்மைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடுகிறது என்பது அவ்வளவாக நினைவில் நிற்பதில்லை. வெளிச்சம் படாத இடத்தில் இருக்கும் வேர், கரைசலில் உள்ள உப்புகளை உள்ளே இழுக்க ஆற்றல் செலவழிக்க வேண்டும். அந்த ஆற்றல் சுவாசத்திலிருந்து வருகிறது. மூச்சு நின்றால் சாப்பாடும் நின்றுவிடும். தண்ணீரில் நின்றபடியே ஒரு செடி வாடுவதைப் பார்த்திருப்பீர்கள். வேர் திணறினால் தண்ணீரை உறிஞ்சும் திறனும் குறைந்துவிடுகிறது.

தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம்தான் கரையும். அதே ஒரு லிட்டர் காற்றில் இருப்பது சுமார் 280 மில்லிகிராம். நீர் சூடேறினால் நிலைமை இன்னும் மோசம். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். அளவு மட்டும் பிரச்சினை இல்லை, வேகமும் பிரச்சினை. காற்றில் பரவுவதை விட நீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. அசையாத நீரில் நிற்கும் வேர் தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டால், அடுத்தது வந்து சேர நெடுநேரம் ஆகும்.

இனி தொட்டிக்கு வருவோம். மேலே ஒரு வளர்ப்புத் தட்டு. அதில் சுட்ட களிமண் உருண்டைகள், அவற்றுக்கு நடுவே செடிகள். கீழே மூடியிட்ட ஒரு தொட்டி, அதில் சத்துக்கரைசல். கரைசலுக்குள் ஒரு சிறு பம்ப், அதை இயக்க ஒரு டைமர். பம்ப் ஓடும்போது கரைசல் தட்டின் அடியிலிருந்து மெல்ல மேலேறும். உருண்டைகளுக்கு இடையே தங்கியிருந்த பழைய காற்றை, வேர் விட்ட கரியமில வாயுவோடு சேர்த்து, மேலே தள்ளி வெளியேற்றும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பம்ப் நிற்கும். ஏறிய குழாய் வழியாகவே கரைசல் கீழே இறங்கும். அது இறங்க இறங்க, காலியாகும் ஒவ்வொரு இடைவெளிக்குள்ளும் மேலிருந்து புதுக்காற்று நுழையும். நம் நெஞ்சுக்கூட்டில் உதரவிதானம் ஏறி இறங்கிச் செய்கிற வேலையை இங்கே நீர்மட்டம் செய்கிறது.

வடிந்த பிறகு ஒவ்வொரு உருண்டையின் மேலும் ஈரம் ஒரு மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். படலம் மெல்லியது என்பதால் ஆக்சிஜன் அதைச் சட்டென்று கடந்துவிடும். வேருக்கு நீரும் காற்றும் ஒரே நேரத்தில் கிடைப்பது இந்த இடைப்பட்ட நேரத்தில்தான்.

இது சட்டென்று தோன்றிவிட்ட யோசனை இல்லை. 1860 வாக்கில் ஜெர்மனியில் யூலியுஸ் ஃபான் சாக்ஸும் வில்ஹெல்ம் க்னாப்பும் உப்புக்கரைசலில் மட்டுமே செடியை வளர்த்துக் காட்டினார்கள். கலிபோர்னியாவில் வில்லியம் கெரிக்கி பெரிய தொட்டிகளில் தக்காளியை வளர்த்து, 1937-இல் இந்தக் கலைக்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரைப் பரப்பினார். கிரேக்க மொழியில் நீர், உழைப்பு என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை அது. நீர்த்தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு வேருக்குக் காற்று கொடுப்பது ஓயாத தலைவலியாக இருந்தது. அதே 1930-களில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில், சரளைக்கல் நிரப்பிய பாத்திக்கு அடியிலிருந்து கரைசலை ஏற்றி இறக்கும் முறையை உருவாக்கினார்கள். இரண்டாம் உலகப்போரின்போது, அட்லாண்டிக் பெருங்கடலில், விவசாய மண் அரிதான அசென்ஷன் தீவில் அமெரிக்கப் படையினருக்குக் காய்கறி விளைவித்ததும் இப்படிப்பட்ட சரளைப் பாத்திகள்தான்.

வீட்டில் அமைப்பவர்கள் கவனம் வைக்க வேண்டிய முதல் இடம் வழிந்தோடும் குழாய். தட்டில் நீர் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. நான் முதலில் அமைத்தபோது, ஏற்றும் குழாய்க்கும் வழிந்தோடும் குழாய்க்கும் ஒரே அளவை வைத்தேன். அரைமணி நேரத்தில் அறை முழுக்கத் தண்ணீர். ஏற்றும் குழாயில் பம்பின் அழுத்தம் இருக்கிறது. வழிந்தோடும் குழாயில் இறங்கும் நீருக்குத் தன் எடையைத் தவிர வேறு தள்ளுவிசை கிடையாது. அதனால் அது தாராளமாக அகன்று இருந்தால்தான் வரவுக்கு ஈடாகச் செலவு நடக்கும். கீழ்த்தொட்டியும் தட்டை நிரப்பிய பிறகு பம்ப் மூழ்கியே இருக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். காற்றை உறிஞ்சி ஓடும் பம்ப் வெகுநாள் உழைக்காது.

நீர்மட்டம் உருண்டைகளின் மேற்பரப்புக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழேயே நின்றுவிட வேண்டும். மேலடுக்கு நனைந்து வெளிச்சமும் பட்டால் பாசி பிடிக்கும், தண்டின் அடியும் அழுகத் தொடங்கும். கீழ்த்தொட்டிக்கு வெளிச்சம் புகாத மூடி போடுவதும் இந்தப் பாசிக்குப் பயந்துதான்.

நாளுக்கு எத்தனை முறை என்று கேட்டால் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. களிமண் உருண்டை சீக்கிரம் காயும். விளக்கு எரியும் நேரத்தில் மூன்று முதல் ஐந்து முறை பழக்கத்தில் உள்ளது. பாறையை உருக்கி இழையாக்கிய பாறைக்கம்பளி (ராக்வூல்) நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதற்கு அதைவிடக் குறைவாகப் போதும். இரவில் இலைகள் நீரை அவ்வளவாக வெளிவிடுவதில்லை, அப்போது ஓய்வு கொடுக்கலாம். மொத்தத்தில், முன்பு ஏற்றிய ஈரம் காய்வதற்குச் சற்று முன்னால் அடுத்த வெள்ளம் வர வேண்டும். விரலை உள்ளே விட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்வதை நான் டைமர் அட்டவணையைவிட நம்புகிறேன்.

கரைசல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செடிக்கு இன்றியமையாதவை 17 தனிமங்கள். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வந்துவிடும், மீதி 14-ஐ நாம் கொடுக்க வேண்டும். செறிவான உரம் இரண்டு புட்டிகளாக வருவதற்குக் காரணம், கால்சியமும் சல்ஃபேட், பாஸ்பேட்டும் செறிவாகச் சந்தித்தால் கரையாத வண்டலாகி அடியில் படிந்துவிடும் என்பதே. நீரில் நன்றாக நீர்த்த பிறகு சந்தித்தால் தொல்லை இல்லை. கார அமிலத்தன்மை (pH) 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் இருக்கட்டும். நைட்ரேட்டை வேர் உண்ண உண்ண அந்த எண் மேலே ஏறும். ஏறினால் இரும்பு கிடைக்காமல் போகும், புது இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற இடம் மஞ்சளாகும்.

கரைசலில் உப்பு எவ்வளவு என்பதை மின்கடத்துத்திறன் மூலம் காட்டும் மீட்டர் ஒன்று வைத்திருந்தால் செடியோடு பேசுவது போல. அளவு ஏறிக்கொண்டே போனால், செடி உப்பைவிட நீரை அதிகம் குடிக்கிறது என்று பொருள், வெறும் நீர் சேர்க்க வேண்டும். இறங்கினால் அதற்குப் பசி.

அப்புறம், மின்தடை. பம்ப் நின்றால் நீர் தானாக வடிந்துவிடும், வேர் மூழ்காது. ஈர உருண்டைகள் சில மணி நேரம் தாங்கும். ஆனால் எல்லாச் செடிக்கும் ஒரே தொட்டி என்பது இந்த முறையின் பெரிய பலவீனம். வேரழுகலை உண்டாக்கும் பித்தியம் என்ற நுண்ணுயிர் ஒரு செடியில் புகுந்தால், அடுத்த வெள்ளத்திலேயே எல்லா வேருக்கும் போய்ச் சேரலாம். கரைசலை 18 முதல் 22 டிகிரிக்குள் வைத்திருப்பது நல்ல தடுப்பு. ஆக்சிஜனும் அதில் கூடுதலாகக் கரைந்திருக்கும்.

நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். பழுப்பேறி, தொட்டால் கொழகொழவென்று வந்தால் தொட்டியைக் காலி செய்து கழுவ வேண்டிய நேரம். வடிய எடுக்கும் நேரத்தையும் அவ்வப்போது கவனியுங்கள். ஐந்து நிமிடத்தில் வடிந்த தட்டு பத்து நிமிடம் எடுத்தால், வேர்கள் ஈரத்தைத் தேடிக் குழாய்க்குள் புகுந்திருக்கக்கூடும். குழாயின் வாயில் வலை போட்டு, ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் அதைக் கழற்றிச் சுத்தம் செய்தால் தட்டு மறுபடி பழைய வேகத்தில் வடியும்.