கதைப்புத்தகத்தைப் பிடுங்கி வைக்கும் முன்

பள்ளி திறந்து சில வாரம் போனதும் என் அறைக்கு ஒரு வயிற்றுவலி வரத் தொடங்கும். திங்கட்கிழமை காலையில் வந்து, பள்ளி வேன் போனதும் சரியாகிவிடும் வலி. டாக்டரிடம் காட்டி, ஸ்கேன் எடுத்து, பூச்சி மருந்தும் கொடுத்துப் பார்த்துவிட்டு, “மனசுல ஏதோ இருக்கும்போல மேடம்” என்று பெற்றோர் அழைத்து வருவார்கள். “ஸ்கூல்ல என்ன கண்ணு பிரச்சினை?” என்று கேட்டால் பிள்ளை “ஒண்ணுமில்ல ஆன்ட்டி” என்று சொல்லும். அம்மா பக்கத்தில் இருந்தாலும் அதே பதில்தான். அம்மாவை வெளியே உட்கார வைத்தாலும் பதில் மாறாது.

சேலத்தில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை வழங்குவது என் தொழில். இந்த “ஒண்ணுமில்ல”வைத் தாண்ட நான் கையில் எடுப்பது பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடக் கதை. தன் பள்ளியைப் பற்றி வாய் திறக்காத பிள்ளை அடுத்தவன் பள்ளியைப் பற்றி நன்றாகவே பேசும்.

ஆர். கே. நாராயண் 1935-இல் வெளியிட்ட ‘சுவாமியும் நண்பர்களும்’ திங்கட்கிழமை காலையில்தான் தொடங்குகிறது. சுவாமிநாதனுக்குக் கண்ணைத் திறக்கவே மனமில்லை. அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டிவிட்டு, “இவன் ஏன் எந்திரிக்க மாட்டேங்கிறான்?” என்று கேட்பேன். ஒரு முறை ஆறாம் வகுப்புப் பையன் சட்டென்று சொன்னான்: “பஸ்ல பெரிய பசங்க பின் சீட்டுக்குக் கூப்புடுவாங்க.” நாவலில் பள்ளிப் பேருந்தே கிடையாது. அதற்குப் பிறகு அவனிடம் என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

இதே நாவலில் அப்பா சுவாமிக்கு ஒரு கணக்குப் போடுவார். ராமனிடம் பத்து மாம்பழம் இருக்கிறது, அதை விற்றுப் பதினைந்து அணா சம்பாதிக்க வேண்டும். கிருஷ்ணனுக்கு நான்கு பழம் போதும், அவன் எவ்வளவு கொடுப்பான்? சுவாமியின் கவலையெல்லாம் பழம் பழுத்ததா, காயா என்பதில். மல்கோவாவும் இமாம்பசந்தும் ஒரே விலைக்கு வராது என்று தெரிந்த சேலத்துப் பிள்ளைகள் இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அப்பாக்களுக்குச் சிரிப்பு வராது. “கவனம் சிதறுது மேடம், ஏதாவது டெஸ்ட் எடுக்கணுமா?” என்று கேட்டவர்கள் உண்டு. கவனம் சிதறவில்லை சார், கணக்கில் இல்லாத ஒன்றில் குவிந்திருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் சோதனை தேவைப்படாது.

அந்த நாவலில் என்னை அதிகம் உறுத்துபவர் பிரம்பெடுக்கும் தலைமையாசிரியர் இல்லை, டாக்டர் கேசவன். டிரில் வகுப்பிலிருந்து தப்பிக்க மருத்துவச் சான்று கேட்டு சுவாமி அவரிடம் போகிறான். அவர் சிரித்துவிட்டு, உனக்கு ஒன்றுமில்லை, தலைமையாசிரியரிடம் நானே பேசுகிறேன் என்கிறார். பேசவில்லை. அவருக்கு அது விளையாட்டு. பையன் அதை நம்பி டிரிலுக்குப் போகாமல் இருந்து, மாட்டிக்கொண்டு, பிரம்பைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்துவிட்டு ஓடுகிறான். ஊரை விட்டே போய்க் காட்டில் வழி தவறுகிறான். பிள்ளைகளிடம் ‘நான் மிஸ்கிட்ட பேசுறேன்’ என்று சொல்லும் ஒவ்வொருவரும், என்னையும் சேர்த்துத்தான், இந்த அத்தியாயத்தைப் படிக்க வேண்டும். பேசினால் பேசினேன் என்று சொல்லுங்கள். பேச முடியாவிட்டால் அதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

பத்தாவது, பன்னிரண்டாவது வந்தால் வீட்டில் முதலில் பூட்டப்படுவது கதைப்புத்தகம்தான். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இது எழுதப்படாத சட்டம். விடுதியில் போட்டு இரவு பகலாகப் படிக்க வைக்கும் பள்ளிகளுக்கு நம் பக்கம் பெயர் போனது. இப்போது நீட் பயிற்சி வேறு. அந்தப் பெற்றோருக்கு ஹெர்மன் ஹெஸ்ஸே 1906-இல் வெளியிட்ட ‘பினீத் தி வீல்’ கதையைச் சொல்வேன். சிற்றூர்ப் பையன் ஹான்ஸ் உறைவிடப் பள்ளியில் சேருவதற்கான மாகாணத் தேர்வில் இரண்டாம் இடம் வாங்குகிறான். தேர்வுக்காக அவனுடைய மீன்பிடிப்பு ஏற்கெனவே பறிபோயிருக்கிறது. தேர்ச்சிக்குப் பிறகு வரும் விடுமுறையிலும் ‘முன்கூட்டியே கொஞ்சம் படித்து வைப்போம்’ என்று பாதிரியாரும் தலைமையாசிரியரும் பாடம் எடுக்கிறார்கள். தலைவலி வருகிறது, யாரும் பொருட்படுத்துவதில்லை. ஹெஸ்ஸே தானே அப்படியொரு உறைவிடப் பள்ளியிலிருந்து 1892-இல் ஓடிப்போனவர். “இது ஜெர்மனிக் கதைங்க” என்றார் அம்மாப்பேட்டையிலிருந்து வந்த ஒரு தறிக்காரர். கொஞ்ச நேரம் கழித்து, “லீவுலயும் கிளாஸ் வச்சாங்களா?” என்று அவரே கேட்டார்.

கல்லூரி விடுதியில் மகனையோ மகளையோ விட்டிருப்பவர்களுக்குப் பெருமாள்முருகனின் ‘கழிமுகம்’. 2018-இல் வந்தது. எழுதியவர் நாமக்கல் அரசுக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவர் என்பதால் நம் பக்கத்து அப்பாக்களை அவருக்கு நன்றாகத் தெரியும். கதை அசுரர்களின் நாட்டில் நடக்கிறது. அரசு ஊழியர் குமராசுரரிடம் பொறியியல் படிக்கும் மகன் மேகாஸ் விலை கூடிய செல்போன் கேட்கிறான். அப்பாவின் மனத்தில் பூதம் பூதமாகக் கிளம்புகிறது. மகன் கேட்டது ஒன்று, அப்பா பயப்படுவது நூறு. அவனிடம் நேரே உட்கார்ந்து பேசுவதைத் தவிர எல்லாவற்றையும் செய்து பார்க்கிறார். கேலியாகப் போகும் நாவல்தான். படித்த அப்பாக்களில் ஒருவர், “மேடம், இது என்னைத்தான் எழுதியிருக்கு” என்று கோபமாகவே சொன்னார். அடுத்த முறை மகனையும் கூட்டி வந்தார்.

ஊரில் முதல் மாணவனாக இருந்து, கல்லூரிக்குப் போனதும் சரிந்துபோகும் பிள்ளைகள் ஒரு தனி ரகம். மு.வ.வின் ‘அகல் விளக்கு’ அவர்களுக்கானது. அழகும் அறிவும் நிறைந்த சந்திரன் ஒருதலைக் காதலில் சிதைந்துபோவதும், சாதாரணமான வேலய்யன் நிதானமாக நின்றுவிடுவதும் கதை. 1961-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. மு.வ.வுக்கு அறிவுரை சொல்லாமல் இருக்கவே முடியாது. அந்தப் பக்கங்களைத் தாண்டிப் படிக்கச் சொல்லிவிடுவேன். ‘அவ சிரிச்சுப் பேசுனதை இவன் தப்பா எடுத்துக்கிட்டான்’ என்று ஒரு பொறியியல் மாணவன் தானாகச் சொல்லும்போது பாதி வேலை முடிந்துவிடுகிறது.

ஏற்காட்டில் நூற்றாண்டு கண்ட உறைவிடப் பள்ளிகள் உண்டு. மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளிகளும் அதே சேர்வராயன் மலையில் உண்டு. முதல் வகைப் பிள்ளைகள் ஹாரி பாட்டரைப் படித்துவிட்டு விடுதியென்றால் நள்ளிரவு விருந்தும் சாகசமும் என்று நினைத்துக்கொண்டு மலையேறுகிறார்கள். முதல் மழைக்காலத்தில், ஏரியே தெரியாத பனிமூட்டத்தில், அழுகை வரும். அது ஏமாற்றம், பெரும்பாலும் நோய் இல்லை. இரண்டாம் வகைப் பிள்ளைகளின் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’. தானே அரைகுறையாகப் படித்த துய்ஷேன் பழைய குதிரை லாயத்தில் பள்ளி நடத்துகிறான். குளிரில் உறையும் ஓடையைப் பிள்ளைகளைச் சுமந்தே கடத்துகிறான். தமிழிலேயே கிடைக்கிறது, ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

இனி எச்சரிக்கை. பள்ளிக் கதை எல்லாம் எல்லாப் பிள்ளைக்கும் ஆகாது. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ குறுநாவல் ஆசிரியர்கள் அனைவரும் படிக்க வேண்டியது. கேள்வி கேட்டதற்காக அடிவாங்கும் சிறுமி, அடி வலிக்காமலிருக்கத் தன்மீதே மருந்தைச் சோதித்து இறந்துபோகிறாள். உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது என்பதை ஆயிரம் சுற்றறிக்கையைவிட அந்தச் சிறு நூல் ஆழமாகச் சொல்லும். ஆனால் மனம் உடைந்திருக்கும் பிள்ளையின் கையில் அதைக் கொடுக்காதீர்கள். ஹெஸ்ஸே நாவலும் அப்படித்தான், ஹான்ஸ் கடைசியில் ஆற்றில் பிணமாகக் கிடக்கிறான். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, ‘நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி’ என்பதுபோல் பேச்சு வந்தால் அது புத்தகம் கொடுக்கும் நேரம் இல்லை. பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-இல் இரவிலும் ஆள் இருப்பார்கள். தமிழ்நாட்டில் 104-க்கும் அழைக்கலாம்.

பெற்றோர் தாங்களே படிக்க ஒன்று கேட்டால் ‘டோட்டோ-சான்’. நாவல் இல்லை, தெத்சுகோ குரோயாநாகியின் பள்ளி நினைவுகள். வேறு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமியைப் புதிய தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளே நான்கு மணி நேரம் பேச விட்டுக் கேட்கிறார். உங்களால் நான்கு மணி நேரம் ஆகாது. சாயங்காலம் ஒரு தட்டுவடை செட் தின்று முடிக்கும் நேரம் செல்போனைக் கீழே வைத்தால் போதும்.

பிள்ளை ஒரு பள்ளிக் கதையைப் படித்து முடித்ததும் ‘என்ன கத்துக்கிட்ட?’ என்று கேட்காதீர்கள். அங்கேயே கதவு சாத்திக்கொள்ளும். ‘அந்த ஸ்கூல்ல உன்னைச் சேர்த்தா யார் பக்கத்துல உட்காருவ?’ என்று கேட்டுப் பாருங்கள். பெயர் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், பேச்சு தானாக நீளும். ‘யார் பக்கத்துலயும் வேணாம்’ என்று பதில் வந்தால், அந்த வாரமே வகுப்பாசிரியரைப் போய்ப் பார்த்து, மதிய இடைவேளையில் உங்கள் பிள்ளை யாரோடு சாப்பிடுகிறது என்று விசாரியுங்கள்.