குளூட்டன் இல்லாத உணவுக்கு ஏன் இவ்வளவு விலை?

கோதுமை போன்ற சில தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமடையும் நோய் சீலியாக். அது உறுதிசெய்யப்பட்ட ஒருவருக்கு மருத்துவம் தரும் சிகிச்சை ஒன்றே ஒன்றுதான்: கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களையும் வாழ்நாள் முழுவதும் உணவிலிருந்து விலக்கிவிட வேண்டும். அந்த அறிவுரையோடு கடைக்குப் போகும் குடும்பத்தின் கண்ணில் முதலில் படுபவை 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிடப்பட்ட ரொட்டி, பிஸ்கட், பாஸ்தா, மாவுக் கலவை போன்றவையே. வழக்கமான பொருள்களைவிட அவற்றின் விலை பல மடங்கு அதிகம் என்பதால், இது வசதி படைத்தவர்களுக்கான உணவுமுறை என்ற எண்ணமும் அங்கேயே வேரூன்றிவிடுகிறது. அந்த விலை எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டால், அதில் பெரும்பகுதி தேவையற்றது என்பது தெளிவாகும்.

கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசையும்போது, அதிலுள்ள கிளையடின், குளூட்டனின் என்னும் இருவகைப் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, இழுத்தால் நீளும் ஒரு வலையாகின்றன. அந்த வலைதான் குளூட்டன். பரோட்டா மாவு வீசும்போது கிழியாமல் மெலிந்து விரிவதும், ஈஸ்ட் வெளியிடும் வாயுவைச் சிறைப்படுத்தி ரொட்டி உப்புவதும் இந்த வலையினால்தான். இதே புரதங்கள் குடலுக்குள் சென்றதும் வேறொரு பண்பைக் காட்டுகின்றன. அவற்றில் புரோலின், குளூட்டமின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் மிக அதிகம். புரோலின் நெருக்கமாக அமைந்த இடங்களில் நம் செரிமான நொதிகளால் புரதச் சங்கிலியை வெட்ட முடிவதில்லை. 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு, இரைப்பை, கணையம், குடல் ஆகியவற்றின் நொதிகள் அனைத்தையும் தாண்டி முழுதாக எஞ்சுவதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் காட்டினார்கள்.

இப்படித் துண்டுகள் எஞ்சுவது கோதுமை உண்ணும் எல்லோருக்கும் நிகழ்வதே. பெரும்பாலோருக்கு அதனால் எந்தத் தீங்கும் இல்லை. எச்எல்ஏ-டிகியூ2 அல்லது டிகியூ8 என்ற மரபணு வகை உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் நிலைமை மாறுகிறது. காயங்களை ஆற்றுவதில் பங்குகொள்ளும் திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி, குடல் சுவருக்குள் நுழைந்த இந்தத் துண்டுகளிலுள்ள குளூட்டமினைக் குளூட்டமிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. மாற்றப்பட்ட துண்டு அந்த மரபணு உருவாக்கும் ஏற்பியில் கச்சிதமாகப் பொருந்துவதால், நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் அதைப் பகையாக எண்ணித் தாக்கத் தொடங்குகின்றன. தாக்குதலின் சேதம் நம் குடலுக்கே நேர்கிறது. அரை முதல் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நின்று சத்துகளை உறிஞ்ச வேண்டிய குடலுறிஞ்சிகள் படிப்படியாகத் தேய்ந்து தட்டையாகின்றன.

இந்தச் சேதம் பெரும்பாலும் முன்சிறுகுடலில் தொடங்குகிறது. இரும்புச் சத்து உறிஞ்சப்படும் முக்கிய இடமும் அதுவே. ஆகவே வயிற்றுப்போக்கோ வயிற்றுவலியோ எதுவுமின்றி, இரத்தசோகை மட்டுமே இந்நோயின் ஒரே அறிகுறியாக இருப்பதுண்டு. இரும்பு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறாதவர்களிடம் மருத்துவர்கள் சீலியாக் நோயைத் தேடுவது இதனால்தான். கால்சியம் குறைவதால் எலும்பு வலுவிழக்கிறது. குழந்தைகளின் வளர்ச்சி தடைபடுகிறது. பால் செரிப்பதற்கான லாக்டேஸ் நொதி குடலுறிஞ்சிகளின் நுனிப்பகுதியில் சுரப்பதால், அவை தேய்ந்த காலத்தில் பாலும் ஒத்துக்கொள்வதில்லை. குளூட்டனை நிறுத்திக் குடல் தேறிய பிறகு பலரால் மீண்டும் பால் குடிக்க முடிகிறது.

கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45 குளிர்காலத்தில், அந்நாட்டில் கடும் உணவுப் பஞ்சம் நிலவியது. ரொட்டி கிடைக்காத அந்த நாள்களில் சீலியாக் நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள் என்பதையும், ரொட்டி திரும்பியதும் மீண்டும் நோயுற்றார்கள் என்பதையும் அவர் கவனித்தார். போருக்கு முன்பே அவருக்கு இருந்த ஐயம் இதனால் வலுப்பெற, 1950இல் அதையே தம் முனைவர் பட்ட ஆய்வாக வெளியிட்டார்.

நம் நாட்டில் 23,000க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, தமிழ் வாசகர்கள் தனியே கவனிக்க வேண்டியது. இந்நோயில் நோயெதிர்ப்பு மண்டலம் இரத்தத்தில் உருவாக்கும் எதிர்ப்பொருள் வட இந்தியாவில் 1.23 விழுக்காட்டினரிடமும், தென்னிந்தியாவில் 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. ஆனால் நோய்க்கு வழிவிடும் மரபணு வகை இரு பகுதிகளிலும் மூன்றில் ஒருவருக்கு மேல், ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. பெரிதும் வேறுபட்டது உணவுதான்: ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம். அரிசி உண்பதால் நாம் முழுப் பாதுகாப்புப் பெற்றுவிட்டோம் என்று இதற்குப் பொருளில்லை. நோய் அரிதாகத் தென்படும் இடத்தில் அது மருத்துவரின் நினைவுக்கு வருவதும் அரிதாகிவிடுகிறது என்ற ஆபத்தும் இதில் அடங்கியிருக்கிறது.

உணவை மாற்றுவதற்கு முன்னரே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குளூட்டனை நிறுத்திய சில மாதங்களில் எதிர்ப்பொருள் குறையத் தொடங்குவதால், பின்னர் எடுக்கும் பரிசோதனை நோயையே மறைத்துவிடக்கூடும். பெரியவர்களுக்குப் பொதுவாக எண்டோஸ்கோப்பி மூலம் குடல் திசுவையும் எடுத்துப் பார்க்கிறார்கள். சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்பவர்கள் எல்லோருக்கும் சீலியாக் நோய் இருப்பதில்லை. கோதுமையிலும் வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃபிரக்டன் என்ற சர்க்கரைச் சங்கிலியே அவர்களில் பலருக்குத் தொல்லை தருகிறது என்று நார்வேயில் நடந்த ஓர் ஆய்வு சுட்டுகிறது. சீலியாக் நோயோ கோதுமை ஒவ்வாமையோ இல்லாதவர்கள் குளூட்டனை விலக்குவதால் இதயத்துக்கு நன்மை கிடைப்பதாகவும் சான்றில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வு அத்தகைய பயன் எதையும் காணவில்லை. குடும்பத்தில் ஒருவருக்காக வீடு முழுவதும் விலையுயர்ந்த பொட்டலங்களுக்கு மாற வேண்டியதில்லை.

இனி விலைக்கு வருவோம். ரொட்டியில் குளூட்டன் செய்யும் வேலையை, அதாவது வாயுவைப் பிடித்துவைக்கும் வேலையை, வேறொன்றைக் கொண்டு செய்விக்க வேண்டுமானால் சாந்தன் பிசின், இசப்கோல் உமி, பலவகை மாவுச்சத்துகள், முட்டைப் புரதம் என்று பலவற்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கோதுமை தொடாத தனி ஆலையும் தொகுதிதோறும் சோதனையும் அதற்கு மேல் வேண்டும். நாம் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பங்கு கோதுமையைப் போலச் செய்வதற்கே போகிறது. இத்தனைக்கும் அப்படிச் செய்த பண்டங்கள் பலவற்றில் நார்ச்சத்து குறைவு. கொழுப்பும் சர்க்கரையும் அதிகம்.

ஆனால் இட்லி எதையும் போலச் செய்வதில்லை. உளுந்தை அரைக்கும்போது வெளிப்படும் வழவழப்பான அராபினோகேலக்டன் என்ற சர்க்கரைச் சங்கிலியும், உளுந்தின் புரதங்களும் சேர்ந்து, புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் வெளியிடும் கரியமில வாயுவை மாவுக்குள்ளேயே நிறுத்திக்கொள்கின்றன. ரொட்டியில் குளூட்டன் செய்வதை இங்கே உளுந்து செய்கிறது. அதற்குத் தனி விலை ஏதுமில்லை. தோசை, அடை, ஆப்பம், அரிசிப் புட்டு, இடியாப்பம், வெண்பொங்கல், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், தினை, சாமை, சுண்டல் ஆகிய எவற்றுக்கும் கோதுமை தேவையில்லை. நியாயவிலைக் கடையின் இலவச அரிசியும் மானிய விலைத் துவரம் பருப்பும் இந்த உணவுமுறையின் அடித்தளமாக அமைய முடியும். 'குளூட்டன் ஃப்ரீ' முத்திரையுள்ள ரொட்டியைப் பிறந்தநாள் போன்ற ஓரிரு வேளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பள்ளியில் மற்றப் பிள்ளைகள் கேக் உண்ணும்போது ஒரு குழந்தை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் துயரம்தான்.

பணத்தைவிட அதிகமாகத் தேவைப்படுவது கவனம். கோதுமை மாவின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன். சீலியாக் நோயாளிகளில் பெரும்பாலோர் ஒரு நாளில் தாங்கக்கூடிய அளவு சுமார் 10 மில்லிகிராம் என்று கருதப்படுகிறது; ஒரு கிராம் மாவில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போனாலே அந்த அளவு எட்டிவிடும். நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதங்களில் குடலைச் சேதப்படுத்தியதை இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியது. 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பதே இந்தியாவிலும் சர்வதேச அளவிலும் உள்ள விதி.

இந்தக் கணக்கோடு சமையலறையைப் பார்க்கும்போது முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது பெருங்காய டப்பாவைத்தான். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது வழக்கம். டப்பாவின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அது அச்சிடப்பட்டிருக்கும். சாம்பாரும் ரசமும் கோதுமையற்றவை என்று நம்பி உண்பவருக்கு நாள்தோறும் இரண்டு வேளை குளூட்டன் போய்க்கொண்டிருக்கும். அரிசி மாவில் செய்த பெருங்காயமும் கிடைக்கிறது. கிடைக்காத இடத்தில் பெருங்காயத்தையே விட்டுவிடுவது செலவற்ற வழி.

அடுத்தது மாவு மில். கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் கேழ்வரகைப் போட்டால், உள்ளே ஒட்டியிருந்த கோதுமை மாவு நம் பாத்திரத்துக்கு வந்து சேரும். ஊறவைத்து வீட்டுக் கிரைண்டரில் அரைப்பதும், சிறிதளவு மாவுக்கு மிக்ஸியைப் பயன்படுத்துவதும் பாதுகாப்பானவை. சத்துமாவில் சம்பா கோதுமையும் பார்லியும் சேர்வதுண்டு. மால்ட் கலந்த சத்துபானங்களில் பார்லி இருக்கிறது. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கிறது. ரவை, சேமியா இரண்டும் கோதுமையே. ஜவ்வரிசி மரவள்ளியிலிருந்து வருவதால் இயல்பில் குளூட்டன் அற்றது. ஓட்டல் தோசையில் கோதுமை இல்லாவிட்டாலும் பரோட்டா சுட்ட கல்லிலேயே அதுவும் வார்க்கப்பட்டிருக்கலாம். இலங்கையில் புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் கோதுமை மா கலப்பது பரவலான வழக்கம் என்பதால், அங்கே உள்ளவர்கள் வெளியில் வாங்கும்போது கேட்டறிந்தே வாங்க வேண்டும்.

கோதுமையின் இடத்தை வெள்ளை அரிசி மட்டுமே நிரப்பினால் நார்ச்சத்தும் இரும்பும் குறைந்துவிடும். சீலியாக் நோயாளிக்கு ஏற்கெனவே குறைந்திருப்பவற்றில் இரும்பும் ஒன்று. மற்றத் தானியங்களைவிட அரிசி மண்ணிலிருந்து ஆர்செனிக்கை அதிகம் ஈர்ப்பதாலும் மூன்று வேளையும் அரிசியே என்பது நல்லதல்ல. நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடிப்பது ஆர்செனிக்கைக் கணிசமாகக் குறைக்கும் என்றாலும், சில பி வைட்டமின்களும் அதோடு போய்விடும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் தானியத்தில் சத்துகளைக் கட்டிவைத்திருக்கும் ஃபைட்டேட்டைக் குறைக்கின்றன. பயறு, முட்டை, வேர்க்கடலை, முருங்கைக்கீரை ஆகியவை எளிதாகக் கிடைப்பவை; உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படும், உண்ட உடனே தேநீர் குடித்தால் அது குறையும்.

ஆறு மாதங்கள் முதல் ஓராண்டுக்குள் எதிர்ப்பொருள் அளவை மீண்டும் சோதிப்பது வழக்கம். அது தொடர்ந்து இறங்கி வந்தால் உணவுமுறை சரியாக நடக்கிறது என்று கொள்ளலாம். குழந்தைகளின் குடல் விரைவாகத் தேறும், பெரியவர்களுக்குச் சில ஆண்டுகள் பிடிக்கலாம். இறங்காமல் நின்றுவிட்டால், விலையுயர்ந்த பொருள்களைத் தேடிப் போவதற்கு முன்பு, வீட்டில் உள்ள பொடிகள், மாவு அரைக்கும் இடம், வெளியில் உண்ணும் பண்டங்கள் ஆகிய மூன்றையும் ஒரு வாரம் எழுதிவைத்து மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ காட்டுவது நல்லது. பெரும்பாலான வேளைகளில் காரணம் அந்தப் பட்டியலிலேயே கிடைத்துவிடும்.