ஸ்டாண்ட்-அப் காமெடியன்: சொல்லும் தொழிலும், நெல்லைப் பக்கத்திலிருந்து

ஸ்டாண்ட்-அப் காமெடியன் என்றால் ஒரு ஆள், ஒரு மைக், ஒரு மேடை. கூட நடிக்க ஆள் கிடையாது, வேஷம் கிடையாது, தொடக்கம் முடிவு உள்ள கதையும் கிடையாது. தன் வீடு, தன் ஊர், தன் சம்பளம், தன் கல்யாணம் என்று தானே எழுதித் தானே மனப்பாடம் செய்ததை, இப்போதுதான் ஞாபகம் வந்தது மாதிரி எதிரே இருப்பவர்களிடம் நேராகப் பேசி ஒரு மணி நேரம் சிரிக்க வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறுகிறவர். விளக்கம் இவ்வளவுதான். இதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அதில் பாதி, 'ஸ்டாண்ட்' என்பதைப் பிடித்துக்கொண்டு 'நின்று', 'நிலை' என்று ஆரம்பிக்கும் சொற்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் காமெடி, அதுதான் பழசு. கிரேக்கத்தில் கோமோஸ் என்றால் குடித்துவிட்டு ஆட்டமும் பாட்டுமாகத் தெருவில் வரும் கொண்டாட்டக் கூட்டம். ஓடே என்றால் பாட்டு. இரண்டும் சேர்ந்து கோமோடியா ஆகி, லத்தீன், பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. சொல்லாராய்ச்சியில் பொதுவாக ஏற்றுக்கொள்வது இதைத்தான். ஆனால் அரிஸ்டாட்டில் தன் கவிதையியலில் இன்னொரு கதையையும் குறித்து வைத்திருக்கிறார். டோரியர்கள் என்ற கிரேக்க வகையினர், "கோமே என்றால் எங்கள் பேச்சில் கிராமம், நகரத்தில் மதிப்பில்லாமல் ஊர் ஊராகச் சுற்றியவர்கள் என்பதால்தான் அந்தப் பேர்" என்று சொல்லி, காமெடியே எங்களுடையது என்று உரிமை கொண்டாடினார்களாம். சொற்பிறப்பாக இது தேறாது. தொழிலுக்கு விளக்கமாக எடுத்துக்கொண்டால் இதைவிடச் சரியான ஒன்று கிடைக்காது. சித்திரையில் ஆரம்பித்து ஆடி, ஆவணி என்று கோயில் திருவிழாவான கொடை கொடையாக வேன் பிடித்துப் போகிற நம் பக்கத்துக் கலைஞர்களைப் பார்த்தவர்கள் டோரியர் கட்சியில்தான் சேருவார்கள்.

தமிழுக்கு வந்தபின் காமெடி கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. "காமெடி பண்ணாதவே" என்று பாளையங்கோட்டையில் ஒருவர் சொன்னால் அதில் கலை எதுவும் இல்லை, கிறுக்குத்தனமாகப் பேசாதே என்றுதான் அர்த்தம். காமெடி பீஸ் என்றால் சிரிக்க வைக்கிறவன் இல்லை, சிரிப்புக்கு இடமானவன். இந்த வித்தியாசத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து ஸ்டாண்ட்-அப். அமெரிக்காவில் வாட்வில், பிரிட்டனில் மியூசிக் ஹால் என்று பலவகை நிகழ்ச்சிகளை ஒரே ராத்திரியில் அடுக்கிக் காட்டும் அரங்குகள் இருந்தன. பாட்டு, மாயவித்தை, நாயை வைத்து வித்தை, நாடகத் துண்டு, எல்லாம் உண்டு. ஒன்று முடிந்து அடுத்ததற்கு மேடையை மாற்றும்போது கூட்டம் எழுந்து போய்விடாமல் இருக்க, திரைக்கு முன்னால் ஒரு ஆள் தனியாக நின்று பேச வேண்டும். அவர்தான் மூலம். இந்தப் பொருளில் 'ஸ்டாண்ட்-அப்' என்ற சொல் 1910-களிலேயே பிரிட்டன் பத்திரிகைகளில் வந்துவிட்டது. அமெரிக்காவில் மலைப்பக்கத்து ஓட்டல்கள், நைட் கிளப்புகள் என்று சுற்றிய தொழிலுக்கு, 1963-ல் நியூயார்க்கில் தொடங்கிய இம்ப்ராவ், 1972-ல் லாஸ் ஏஞ்சலஸில் திறந்த காமெடி ஸ்டோர் போன்ற கிளப்புகள் சொந்த இடம் கொடுத்தன. லண்டனில் 1979-ல் ஒரு காமெடி ஸ்டோர் வந்தது.

ஆக, நிற்பது என்பது அன்றைய மேடையில் இருந்த இடப் பிரச்சினை. திரைக்கும் மேடை விளிம்புக்கும் நடுவே குறுகிய இடம், நின்றார்கள். அயர்லாந்துக்காரர் டேவ் ஆலன் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு பேசியே பெரிய பேர் வாங்கினார். வேடிக்கையாகச் சிலர் சிட்-டவுன் காமெடியன் என்று சொன்னாலும், அவரை ஸ்டாண்ட்-அப்காரராகத்தான் எண்ணினார்கள். உட்கார்ந்தாலும் அது ஸ்டாண்ட்-அப்தான் என்றால், அந்தச் சொல்லின் பாரம் நிற்பதில் இல்லை, தனியாக இருப்பதில் இருக்கிறது. திரைக்கு முன்னால் உதவிக்கு ஆள் இல்லாமல் இருப்பது.

நம்மிடம் இதற்குப் பழைய சொல் இல்லையா என்றால், அரைகுறையாகப் பொருந்துகிற நாலைந்து இருக்கின்றன. விகடம் என்பது ஒரு காலத்தில் மேடைக் கலையின் பேர். விகடக் கச்சேரி என்றே கல்யாண வீடுகளில் வைத்திருக்கிறார்கள், பலகுரலும் கேலியும் கலந்து. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் 1926-ல் தொடங்கிய ஆனந்த விகடன் பத்திரிகைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும் என்பதால் அதை மீட்பது கஷ்டம். கதாகாலட்சேபம் இன்னும் கிட்டே வருகிறது. பாகவதர் சப்ளாக்கட்டையோடு நின்றுகொண்டுதான் கதை சொல்வார், நடுநடுவே ஊர் நடப்பை இழுத்துச் சிரிக்க வைப்பார். நாகர்கோவில்காரரான கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நந்தனார் கதையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு கிந்தனார் என்று செய்தாரே, 1949-ல் வந்த நல்லதம்பி படத்தில்கூட இருக்கிறது, அது காலட்சேபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்ட வேறொன்று.

அப்புறம் பபூன். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்னும் வலுவாக நடக்கிற வள்ளி திருமணம் மாதிரியான ஸ்பெஷல் நாடகங்களில், முருகனும் வள்ளியும் வருவதற்கு முன்னால் மேடைக்கு வருகிறவர் பபூன்தான். தனியாக வந்து, ஆர்மோனியக்காரரையும் மிருதங்கக்காரரையும் வம்புக்கு இழுத்து, முன்வரிசைக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்து, கூட்டத்தைக் கையில் எடுத்துக் கொடுப்பார். ஸ்டாண்ட்-அப்காரர்கள் இன்று 'கிரவுட் வொர்க்' என்று சொல்வது இதைத்தான். இந்த நாடகங்களுக்குப் பாட்டும் வசனமும் எழுதி ஒழுங்குபடுத்திய சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டிக்காரர், அதாவது அன்றைய திருநெல்வேலி ஜில்லாக்காரர். வேடிக்கை என்னவென்றால் பபூன் தமிழே இல்லை, இங்கிலீஷ் பஃபூன். அது இத்தாலியில் கன்னத்தை உப்பிக் காற்று விடுவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. நூறு வருஷமாக நம் வாயில் புழங்கியதால் அதை யாரும் அன்னியச் சொல் என்று திட்டுவதில்லை.

இதில் எதுவுமே ஏன் முழுசாகப் பொருந்தவில்லை என்பதற்குத் தொல்காப்பியத்தில் ஒரு பிடி இருக்கிறது. மெய்ப்பாட்டியலில் "எள்ளல் இளமை பேதைமை மடன் என்று உள்ளப்பட்ட நகை நான்கு என்ப" என்று சிரிப்பு பிறக்கும் நான்கு இடங்களைச் சொல்கிறது. கேலி, சின்னப்பிள்ளைத்தனம், அறியாமை, சொல்லிக்கொடுத்ததை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் வெகுளித்தனம். இதில் எள்ளலுக்குப் பேராசிரியர் என்ற பழைய உரைகாரர் இரண்டு பக்கம் சொல்கிறார்: தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளியபோது தான் சிரிப்பது இன்னொன்று. விகடகவியும் பபூனும் பெரும்பாலும் முதல் பக்கத்தில் நிற்கிறார்கள். ஸ்டாண்ட்-அப் இரண்டாவதில் வாழ்கிறது. என்னை இன்டர்வியூவில் கேவலப்படுத்தினார்கள், என் மாமியார் என்னை இப்படிச் சொன்னார், என் பிள்ளை என்னை மதிப்பதில்லை என்று தன்னையே காமெடி பீஸாக முன்னால் நிறுத்திவிட்டு, கடைசி வரியில் சிரிப்பைத் தன் கைக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். மேலே ஞாபகத்தில் வைக்கச் சொன்ன வித்தியாசம் இதுதான். 2005-லிருந்து விஜய் டிவியில் கலக்கப் போவது யாரு வழியாகப் பலர் வந்தார்கள், திறமைசாலிகள்தான், ஆனால் அங்கே பெரும்பாலும் பலகுரலும் துணுக்கும் ஓடின. தன் சொந்த வாழ்க்கையை ஒரு மணி நேரம் விரித்துப் பேசுவது அலெக்சாண்டர் பாபு, பிரவீன் குமார், அரவிந்த் எஸ்.ஏ. மாதிரி ஆட்கள் டிக்கெட் போட்டு ஊர் ஊராகப் போக ஆரம்பித்த பிறகுதான் தமிழில் ஒரு தொழிலாகத் தெரிந்தது.

திருநெல்வேலிக்காரனாக எனக்கு இதில் வில்லுப்பாட்டைச் சொல்லாமல் நகர முடியாது. வில்லில் தலைவர் உட்கார்ந்துதான் பாடுவார், வீசுகோல் கையில். பக்கத்தில் குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை. சுடலைமாடன் கதையோ முத்துப்பட்டன் கதையோ, கதை ஊருக்கே தெரியும். சிரிப்பு எங்கே வருகிறது என்றால் ஆமா போடுகிறவரிடம். தலைவர் ஒன்றைச் சொல்ல, "ஆமா, அதெப்படி?" என்று அவர் ஒன்றும் தெரியாத ஆள் மாதிரிக் கேட்க, பதிலில் வெடி விழும். ஸ்டாண்ட்-அப்காரருக்கு ஆமா போட ஆள் இல்லை. அந்த வேலையைக் கூட்டத்தின் சிரிப்பே செய்தாக வேண்டும். அது வராத ராத்திரியில் மேடையில் ஒரு மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள், இங்கிலீஷில் அதற்கு 'பாம்ப்' ஆவது என்று பேர், தமிழில் ஊத்திக்கிச்சு. சத்திரப்புதுக்குளத்தில் 1928-ல் பிறந்த சுப்பு ஆறுமுகம் கலைவாணரோடு சேர்ந்து சென்னைக்குப் போய், சினிமாவுக்கு நகைச்சுவை எழுதி, வில்லைக் கோயில் கொடையிலிருந்து வானொலிக்கும் சபாக்களுக்கும் கொண்டுபோனார். 2021-ல் பத்மஸ்ரீ, 2022-ல் மறைந்தார். கொடைக்கு வந்த கூட்டத்துக்கும் டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்துக்கும் ஒரே வில்லை வைத்து எப்படிப் பேசுவது என்பதை இன்றைய ஸ்டாண்ட்-அப்காரர்கள் அவரிடம்தான் படிக்க வேண்டும்.

ஆனால் சுற்றுகிற விதத்தில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. வில்லுக்காரருக்குப் பழைய கதைதான் முதல். போன வருஷம் பாடியதையே இந்த வருஷமும் பாட வேண்டும், மாற்றினால் ஊரில் சண்டை வரும். ஸ்டாண்ட்-அப்காரர் ஐந்து நிமிஷத்துக்கு, யாரும் ஏறிப் பேசலாம் என்கிற ஓபன் மைக்கில் ஆரம்பித்து, சிரிப்பு வராததை வெட்டி, வந்ததை நீட்டி, டிரையல் ஷோ போட்டு ஒரு மணி நேரம் சேர்ப்பதற்கே வருஷக்கணக்கில் ஆகும். அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தேய்த்துத் தேய்த்துக் கூர்மையாக்குவதற்குத்தான் சுற்றுப்பயணம். கடைசியில் படம் பிடித்து ஸ்பெஷல் என்று வெளியிட்ட அன்று அந்த ஒரு மணி நேரம் செத்துப்போகும். யூடியூபில் பார்த்த ஜோக்குக்கு யாரும் காசு கொடுத்து வந்து சிரிக்க மாட்டார்கள். மறுபடியும் ஐந்து நிமிஷத்திலிருந்து தொடங்க வேண்டும். சினிமாப் பாட்டுக்காரருக்கு ஹிட் பாட்டைத்தான் கேட்கிறார்கள், இவருக்கு ஹிட்டே எதிரி. நடுவில் வண்டிச் சத்தமும் லாட்ஜ் சாப்பாடும் கம்பெனி நிகழ்ச்சிகளும். கம்பெனி நிகழ்ச்சியில்தான் பணம் என்றும், அங்கே முதலாளி சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்றும் இந்தத் தொழிலில் சொல்வார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'தனி' முக்கியம் என்று சொன்னேன், ஆனால் தனிச்சிரிப்பு என்று போட முடியாது, தனியாகச் சிரிக்கிறவனுக்கு எங்க ஊரில் கோட்டி, அதாவது பைத்தியம், என்று வேறு பேர் இருக்கிறது. சிரிப்பாணி என்று நம் பக்கத்துச் சொல் ஒன்று உண்டு, 'சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துச்சு' என்பார்கள். அதிலிருந்து ஏதாவது கட்டலாமே என்று ஆசைதான், ஆனால் அது கேட்பவருக்கு வருவது, சொல்பவர் செய்வதில்லை. நகைச்சுவை என்பது நாடகம், சினிமா, கதை, கட்டுரை எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது, நகைச்சுவையாளர் என்றால் யாரையும் குறிக்கும். என் ஓட்டு 'மேடைச் சிரிப்புரை'க்கு. உரை என்றால் ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்பது, ஆகவே தனி என்பது அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. சொற்பொழிவு, சிறப்புரை என்று பழகிய காதுக்குச் சிரிப்புரை உறுத்தாது. சிறப்புரைக்கும் சிரிப்புரைக்கும் ஒலியில் இருக்கிற நெருக்கமே பாதி ஜோக். ஆளைச் சிரிப்புரையாளர் என்று சொல்லலாம், பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒன்றே. பேச்சில் காமெடி ஷோ என்றே இருக்கட்டும், யாரும் திருத்த வேண்டாம்.

கூட வரும் சொற்களில் சிலவற்றை மொழிபெயர்க்கவே தேவையில்லை. 'செட்' என்றால் அங்கே ஒருவர் ஒரு மேடையில் பேசும் பகுதி. நம்மிடம் கரகாட்ட செட், நையாண்டி மேள செட் என்றால் ஆட்கள், ரேடியோ செட் என்றால் மைக்கும் குழாயும். சந்தர்ப்பம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். ஸ்பெஷலும் நாடகக்காரர்கள் பல காலமாகச் சொல்லிவந்த சொல்தான், அர்த்தம் மட்டும் வேறு. ஓபன் மைக்கைத் திறந்த மேடை என்று சொல்லிவிடலாம்.

நடுவில் கத்திக் குறுக்கிடுகிற ஆளுக்கு இங்கிலீஷில் ஹெக்ளர். ஹெக்கிள் என்றால் ஆளி நாரைச் சீவிச் சிக்கெடுக்கிற சீப்பு. அந்த வேலைக்காரர்கள் நிறைந்த ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தோடு சேர்த்து இந்தச் சொல்லைப் பேசுவது வழக்கம், கூட்டங்களில் பேசுகிறவர்களை விடாமல் கேள்வி கேட்டுச் சிக்கெடுத்தார்கள் என்று. இதற்கு நம்மிடம் தோது பார்த்துத் தேட வேண்டியதே இல்லை, குறுக்குச்சால் ஓட்டுகிறவர் என்று உழவிலிருந்து வந்த சொல் தயாராக இருக்கிறது. மேடையில் சிரிப்புரையாளர் "அண்ணாச்சி, குறுக்குச்சால் ஓட்டாதிய, நானே ஓட்டிக்கிடுதேன்" என்று சொன்னால் டவுனிலும் மேலப்பாளையத்திலும் அதற்கே ஒரு சிரிப்பு விழும்.