பிக்கப்பைத் தூக்குவதற்கு முன்னால் டயரை முடிவு செய்யுங்கள்

கோலாலம்பூரில் செகாம்புட், சுங்கை பீசி பக்கமுள்ள ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) பட்டறைகளில், சஸ்பென்ஷனை மாற்றிப் பிக்கப்பின் உயரத்தைக் கூட்ட வருகிறவர்களிடமிருந்து ஒரு நாளைக்கு நாலு தடவையாவது காதில் விழும் கேள்வி: “அண்ணே, ரெண்டு இன்ச் தூக்கினா போதுமா, மூணு போடலாமா?” இந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. முதலில் கேட்க வேண்டியவை வேறு. வண்டி தினமும் எவ்வளவு சுமை ஏற்றுகிறது? வாரத்தில் எத்தனை நாள் செம்மண் பாதையில் ஓடுகிறது? அதற்கு எந்த டயர் போதும்? இவற்றுக்குப் பதில் கிடைத்தால், எவ்வளவு தூக்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

கணக்கிலிருந்து ஆரம்பிப்போம். ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகளில் நிறுவனமே போட்டுத் தரும் டயர் பெரும்பாலும் 265/65 ஆர்17. அகலம் 265 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 65 விழுக்காடு, ரிம் 17 அங்குலம். மொத்த விட்டம் ஏறக்குறைய 776 மி.மீ. அதே ரிம்மில் 265/70 போட்டால் விட்டம் 803 ஆகும். 285/70 போட்டால் 831. இந்தக் கடைசி அளவைத்தான் எல்லோரும் ‘முப்பத்து மூணு’ என்று சொல்கிறார்கள்.

டயரின் விட்டம் கூடுவதில் பாதிதான் வண்டியின் அடிப்பகுதிக்கு உயரமாகக் கிடைக்கும். 265/70 தருவது 13 மி.மீ., 285/70 தருவது 27 மி.மீ. ஆக்சிலுக்கு அடியில் இடம் வேண்டுமென்றால் டயர் ஒன்றுதான் வழி. சஸ்பென்ஷனை எத்தனை அங்குலம் தூக்கினாலும் பின் ஆக்சிலின் நடுவில் உள்ள டிஃப் (டிஃபரன்ஷியல், இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் கியர்ப்பெட்டி) இருந்த இடத்திலேயேதான் இருக்கும். உயர்வது பாடியும் சேசிஸும் மட்டுமே.

விட்டம் கூடினால் மீட்டர் குறைத்துக் காட்டும். 265/70-இல் வித்தியாசம் 3.4 விழுக்காடு. நிறுவன மீட்டர்கள் பொதுவாகச் சற்றுக் கூடுதலாகவே காட்டும்படி அமைக்கப்பட்டிருப்பதால் இதை வண்டி தாங்கிக்கொள்ளும். 285/70-இல் வித்தியாசம் 7 விழுக்காடு. நெடுஞ்சாலையில் மீட்டர் 110 காட்டும்போது உண்மை வேகம் 117 வரை போகலாம். கேமரா சம்மன் அனுப்புவது உண்மை வேகத்துக்கு. ஓடிய தூரமும் இதே போலத்தான். மீட்டரில் 10,000 கிலோமீட்டர் என்று பார்த்து எண்ணெய் மாற்றும்போது வண்டி 10,700 ஓடியிருக்கும். கியரும் அதே 7 விழுக்காடு நீண்டுவிடும். கெந்திங் மலை ஏற்றத்தில் ஆட்டோ கியர் ஒரு கியரில் நிற்க முடியாமல் மேலும் கீழுமாக மாறிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். கியர் எண்ணெய் சூடாகும், டீசலும் கூடக் குடிக்கும். இந்த அளவுள்ள எல்.டி. (லைட் டிரக், அதாவது சுமை வண்டிக்கான) டயர் பழைய டயரைவிட ஒவ்வொன்றும் 7, 8 கிலோ எடை கூடுதல். கெந்திங் செம்பாவிலிருந்து கோம்பாக் நோக்கி இறங்கும்போது அந்த எடையையும் சேர்த்து நிறுத்துவது அதே பழைய பிரேக்தான்.

டயரின் பக்கச் சுவரில் அளவுக்குப் பின்னால் இருக்கும் எண்ணையும் எழுத்தையும் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். 112எஸ் என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 180 கிலோமீட்டர் வேகம் வரை ஓடலாம். மாற்று டயரின் சுமை எண் பழையதைவிடக் குறையவே கூடாது. சகதிக்கென்று செய்த மட் டெரெய்ன் டயர்களில் பல ‘கியூ’ எழுத்தில் வரும், அதாவது 160. அது நமக்குப் போதும். நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணையும் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இரண்டு மூன்று ஆண்டு கிடங்கில் கிடந்த டயரைப் புதிய விலைக்கு வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

எல்.டி. வகை டயருக்கு மாறுகிறவர்கள் காற்றில் ஏமாறுகிறார்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் காற்றளவு, வண்டியோடு வந்த டயருக்கு உரியது. அதே சுமையைத் தூக்க எல்.டி. டயருக்கு அதைவிடக் கூடுதல் காற்று வேண்டும். எவ்வளவு என்பது டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையில் இருக்கும். கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். ஸ்டிக்கரில் உள்ள அளவையே அடித்துவிட்டுப் பின்னால் சிமெண்டு ஏற்றிக்கொண்டு வெயிலில் நெடுஞ்சாலை ஓடினால் பக்கச் சுவர் வளைந்து வளைந்து சூடேறும். டயர் வெடிப்பது அப்படித்தான்.

கோலாலம்பூரில் பிக்கப் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு வாரம் முழுக்கத் தார்ச்சாலை, ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கவோ செம்பனைத் தோட்டத்துப் பாதைக்கோ ஒரு பயணம். அவர்களுக்கு ஆல் டெரெய்ன் டயரே சரி. மட் டெரெய்ன் டயரின் பெரிய கட்டிகள் சகதியைக் கடித்து வெளியே எறிவதற்காகச் செய்யப்பட்டவை. பிற்பகல் மழையில் நனைந்த தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு, பிரேக் பிடிக்கும் தூரம் அதிகம். காலி பின்புறத்தோடு நெடுஞ்சாலையின் வளைவில் இறங்கும்போது பின்பக்கம் வழுக்குவதை ஓட்டுகிறவர் உணர்வதற்குள் காரியம் முடிந்துவிடும்.

ரிம்மில் ஒரு கணக்கு. பழைய ரிம்மின் அகலம் 7.5 அங்குலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் உட்காரும் முகம் வரை உள்ள தூரம், மி.மீ. கணக்கில்) +30. புதியது 8.5 அங்குலம், ஆஃப்செட் 0. வெளி விளிம்பு ஏறக்குறைய 43 மி.மீ. வெளியே வரும். டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும், சேற்றைப் பக்கத்து வண்டியின் கண்ணாடியில் வாரி அடிக்கும், ஹப் பேரிங்கும் சீக்கிரம் தேயும். சட்டத்துக்கும் அது ஒத்துவராது. ஆஃப்செட் +20க்குக் கீழே போகாமல் இருந்தால் பல தலைவலிகள் மிச்சம்.

இப்போது தூக்கும் விஷயத்துக்கு வருவோம். “பெரிய டயர் உரசாமல் இருக்கத் தூக்குகிறோம்” என்பதில் பாதிதான் உண்மை. சும்மா நிற்கும்போது இடைவெளி கூடும். ஆனால் பள்ளத்தில் விழுந்து சக்கரம் முழுதாக மேலேறும்போது அது போய் நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பது பம்ப் ஸ்டாப் ரப்பர். ஸ்பிரிங் உயரமானாலும் அந்த ரப்பர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே நிற்கும்போது உரசாத டயர், ஸ்டியரிங் திருப்பியபடி குழியில் இறங்கும்போது உள் மட்கார்டையும், கேபினைச் சேசிஸோடு பிடிக்கும் மவுண்ட்டையும் கிழிக்கலாம். சரியான சோதனை இது: முன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, டயரை மாட்டி, ஜாக்கால் சக்கரத்தைப் பம்ப் ஸ்டாப் தொடும்வரை தூக்கி, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்ப வேண்டும். எங்கே படுகிறதோ அங்கே சாக்பீஸால் குறி போட்டால் எதை வெட்டுவது, எதைத் தட்டுவது என்று கண்ணுக்குத் தெரியும். 265/70 பெரும்பாலும் பெரிய வேலை இல்லாமல் உட்கார்ந்துவிடும். 285/70 வெட்டாமல் உட்காருவது அரிது.

முன்பக்கம் உயர்த்த மலிவான வழி, அப்சார்பர் தலையில் ஸ்பேசர் என்ற இடைத்தகட்டை வைப்பது. அப்சார்பர், சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருப்பதால் 25 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் ஏறக்குறைய 50 மி.மீ. உயரமாகிவிடும். விற்பவர் சொல்லும் ‘இரண்டு இன்ச்’ ஸ்பேசரின் கனமா, கிடைக்கும் உயரமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பேசர் அப்சார்பரையே கீழே தள்ளுவதால், சக்கரம் தொங்கும்போது மேல் ஆர்மின் பந்து மூட்டும் (பால் ஜாயின்ட்), சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ்ஷாஃப்ட்டும் தங்கள் எல்லையைத் தாண்டி மடங்குகின்றன. உள்பக்கம் குனிந்து பாருங்கள். டிரைவ்ஷாஃப்ட்டின் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையின் (பூட்) மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். சில மாதத்தில் மடிப்பின் ஓரத்தில் வெடிப்பு விடும், ரிம்மின் உள்பக்கத்தில் கறுப்பு கிரீஸ் விசிறி அடித்த மாதிரி படிந்திருக்கும். அப்போதே உறையை மாற்றினால் செலவு சிறிது. விட்டால் மழைத் தண்ணீரும் மணலும் புகுந்து உள்ளே இருக்கும் மூட்டையே (சி.வி. ஜாயின்ட்) தின்றுவிடும்.

சரியான நீளமுள்ள அப்சார்பரும், முன்னால் தாங்கும் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கும் போடுவதே நல்ல வழி. இரும்பு பம்பர், வின்ச் உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் ஒரே ஸ்பிரிங் ஆகாது. முன்பக்கம் 40 மி.மீ. வரை போனால் பழைய மேல் ஆர்மே சமாளிக்கும். 50 தாண்டினால் மேல் ஆர்மையும் மாற்றக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில்லாமல் காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) திரும்பக் கிடைக்காது. காஸ்டர் குறைந்த வண்டி நேர்ச்சாலையில் நேராக நிற்காது. லோரி கடந்துபோனால் காற்றில் இழுபடும், திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது.

பின்பக்க லீஃப் ஸ்பிரிங் (இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) வாங்கும்போது ‘நிரந்தர சுமை’ எவ்வளவு என்று கேளுங்கள். அரை டன்னுக்குச் செய்ததை வாங்கிக் காலி வண்டியில் ஓட்டினால் பின்பக்கம் துள்ளும். ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாக வைத்து உயர்த்துவதும், ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை வைப்பதும் சுமை ஏற்றும் வண்டிக்கு வேண்டாம். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யூ-போல்ட் எப்போதும் புதிதாக இருக்க வேண்டும். ஒருமுறை இறுக்கி நீண்ட மரையை மறுபடி நம்பக்கூடாது.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால் அடுத்ததை வைத்துக்கொள்ளுங்கள். பல பிக்கப்புகளில், முக்கியமாகச் சற்றுப் பழைய மாடல்களில், பின் ஆக்சிலிலிருந்து சேசிஸில் உள்ள ஒரு வால்வுக்கு மெல்லிய கம்பி ஒன்று போகும். பின்னால் சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் அந்தக் கம்பி வால்வைத் திறந்து பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் கொடுக்கும். வண்டி காலியாக உயர்ந்து நின்றால் அழுத்தத்தைக் குறைக்கும், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க. நீங்கள் பின்பக்கத்தை 50 மி.மீ. தூக்கியதும் வால்வுக்கு வண்டி எப்போதும் காலி. 600 கிலோ செங்கல் ஏற்றியிருந்தாலும் பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும், முன் பிரேக்தான் எல்லாவற்றையும் சுமக்கும். பெடலை மிதித்தால் வித்தியாசம் உடனே தெரியாது. முன் பேட் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தேய்வதும், சுமையோடு நிற்கும் தூரம் நீள்வதும்தான் அடையாளம். ஆக்சிலில் கம்பி மாட்டியிருக்கும் பிராக்கெட்டை, வண்டியைத் தூக்கிய அளவுக்கே உயர்த்தி வைத்தால் சரியாகிவிடும். சிறிய வேலைதான், ஆனால் வண்டியைத் தூக்கும் பலர் இதைச் செய்வதில்லை. வேலையை ஒப்படைக்கும்போதே கேட்டுவிடுங்கள். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும், சக்கரம் முழுக்கத் தொங்கி ஸ்டியரிங் முழுக்கத் திரும்பிய நிலையில், இழுபடாமல் தளர்வாக இருக்கின்றனவா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டறையில் அவசரத்தில் நடக்கும் இன்னொரு தவறு, வண்டி லிஃப்டில் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டையும் லீஃப் ஸ்பிரிங் கண் போல்ட்டையும் கடைசிவரை இறுக்கிவிடுவது. அந்த போல்ட்டுகளைச் சுற்றியுள்ள புஷ் என்ற ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். போல்ட் இறுகினால் உள்குழாய் அசையாது. தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து, சில மாதங்களில் கிழியும். முறுக்கிய ரப்பர் ஸ்பிரிங் போலத் தள்ளுவதால் முதல் நாள் அளந்த உயரமும் பொய். போல்ட்டைக் கையால் மட்டும் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பம்பரில் ஏறி நாலைந்து தடவை அமுக்கி, முன்னும் பின்னும் சில மீட்டர் உருட்டி, அதன் பிறகு டார்க் ரென்ச்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) இறுக்குவதே முறை. உயரத்தையும் தரையிலிருந்து அளக்காதீர்கள். ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, வேலைக்கு முன்னும் பின்னும், நான்கு சக்கரத்திலும் அளந்து எழுதி வையுங்கள்.

அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) செய்து அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பினால் போதாது, காஸ்டர் இருபுறமும் நெருக்கமாக இருக்க வேண்டும். ஹெட்லைட்டைத் தாழ்த்தி அமைக்க வேண்டும். முன்கண்ணாடியில் கேமரா, முன்னால் ரேடார் உள்ள புதிய வண்டி என்றால் அவற்றையும் மறுபடி அளவீடு செய்ய வேண்டும்.

சஸ்பென்ஷனைத் தூக்குவதும் டயர் அளவை மாற்றுவதும் வண்டியின் அமைப்பை மாற்றும் வேலை. போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் எழுத்தில் விசாரித்து, தேவையான அனுமதியையும் சோதனையையும் முடித்துக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம்.

ஸ்பேர் டயரும் அதே அளவில் இருக்க வேண்டும். வெவ்வேறு விட்டமுள்ள டயர்களோடு ஃபோர் வீல் போட்டு ஓட்டினால் டிரான்ஸ்பர் கேஸும் (முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) டிஃப்பும் ஒன்றையொன்று இழுத்துத் தேயும். 285/70 வாங்குமுன் அது பின்னால் அடியில் தொங்கும் இடத்தில் அடங்குமா என்று மாட்டிப் பாருங்கள். கூரையில் ரேக் வைத்திருப்பவர்கள் மொத்த உயரத்தை அளந்து சன்வைசரில் எழுதி ஒட்டிக்கொண்டால், அடுக்குமாடிக் கார்நிறுத்தத்தின் வாசலில் பின்னால் வரிசை நிற்கும்போது யோசிக்க வேண்டியிருக்காது.

500 கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை மறுபடி பட்டறைக்குக் கொண்டுபோங்கள். யூ-போல்ட், ஆர்ம் போல்ட், சக்கர நட்டு எல்லாவற்றையும் டார்க் ரென்ச்சால் சரிபார்த்து, நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தாலே தெரியும். ஸ்பிரிங் அதற்குள் சற்று அமர்ந்திருக்கும். எழுதி வைத்த அளவோடு ஒப்பிட்டுவிட்டு, அலைன்மென்ட்டை இன்னொரு முறை பாருங்கள்.