ஆர் மென்பொருள் திடீரென மூடிக்கொண்டால், உடனே மீண்டும் ஓட்டாதீர்கள்

புள்ளியியல் ஆலோசனைக்கு வரும் முதுநிலை மருத்துவ மாணவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: “இரண்டு தடவை மூடிக்கொண்டது சார், மூன்றாவது தடவை ஓடிவிட்டது.” அந்த மூன்றாவது தடவை வந்த விடைதான் ஆய்வேட்டின் அட்டவணையில் ஏறியிருக்கும். முதல் இரண்டு தடவைகளைவிட எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்த மூன்றாவது தடவைதான்.

பிழைச்செய்தி வருவது வேறு, புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் (R) மென்பொருளே மூடிக்கொள்வது வேறு. சிவப்பு எழுத்தில் குறையைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தால் மென்பொருள் நலமாகவே இருக்கிறது. நினைவகம் போதவில்லை என்ற செய்தியும் பெரும்பாலும் இந்த வகைதான். ஒரு லட்சம் நோயாளிகளுக்கு இடையேயான தூரங்களைக் கணக்கிடச் சொன்னால் சுமார் 40 ஜிபி தேவைப்படும்; முடியாது என்று அது சொல்லிவிடும். ஆரை இயக்கப் பலரும் பயன்படுத்தும் ஆர்ஸ்டுடியோவில் வெடிகுண்டுப் படத்தோடு ஒரு பெட்டி தோன்றி எல்லாம் மறைந்துபோவது அப்படியல்ல. நாம் பயன்படுத்தும் பேக்கேஜ்களில் (ஆரோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கட்டளைத் தொகுப்புகளில்) பல, வேகத்துக்காக சி, சி++, ஃபோர்ட்ரான் மொழிகளில் எழுதிய பகுதிகளைச் சுமந்திருக்கின்றன. அந்தப் பகுதி தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கைவைத்தால், இயங்குதளம் முழு நிரலையும் நிறுத்திவிடும்.

அண்மையில் ஒரு மாணவர் கொண்டுவந்த தரவைச் சொல்கிறேன். பல மருத்துவமனைகளில் திரட்டியது, ஏறக்குறைய 4000 வரிகள். ஒவ்வொரு நோயாளியின் அளவீட்டிலிருந்தும் அவரவர் மருத்துவமனையின் சராசரியைக் கழித்து, அதன்மேல் புள்ளியியல் மாதிரி பொருத்தும் ஒரு பேக்கேஜை அவர் பயன்படுத்தினார். ஓட்டினால் மூடிக்கொண்டது.

ஆர்ஸ்டுடியோவை ஒதுக்கிவிட்டு, கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் டெர்மினலில் ஓட்டினோம். இதை எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்கிறேன். வெடிகுண்டுப் பெட்டி மறைத்துவிடும் செய்தியை டெர்மினல் காட்டும்: ‘காட் செக்ஃபால்ட்’ (caught segfault, அதாவது நினைவக அத்துமீறல்) என்ற வரி, அதன் கீழே எந்தச் சார்பு (function) எதை அழைத்தது என்ற பட்டியல். இறுதியில் நான்கு தெரிவுகள் கேட்கும். நான்காவது, இருப்பதைச் சேமித்துவிட்டு வெளியேறுவது. அதைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். சிதைந்திருக்கக்கூடிய நினைவகத்தைக் கோப்பில் எழுதி, அடுத்த முறை அதையே திறப்பீர்கள். பழைய கோப்புகளின் நிழல் படாமலிருக்க ‘வனிலா’ (--vanilla) தெரிவோடு தொடங்கி, தரவைப் பாதிப் பாதியாகப் பிரித்து ஓட்டினோம். 4000 வரிகளை 12 முறை பாதியாக்கினால் ஒரே வரி மிஞ்சும். மிஞ்சிய வரியில் மருத்துவமனை எண் வெற்றாக இருந்தது.

ஆர், முழு எண்கள் கொண்ட நெடுவரிசையில் விடுபட்ட மதிப்பை −2147483648 என்ற எண்ணாகத்தான் உள்ளே வைத்திருக்கிறது. அது வெற்றிடம் என்று ஆருக்குத் தெரியும். சி மொழிப் பகுதி தனியாகச் சோதித்தால் ஒழிய அதற்குத் தெரியாது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு பல ஜிபி தள்ளியிருக்கும் முகவரியைத் தொடப் போய் மாட்டிக்கொண்டது.

வெற்று எண் உள்ள வரிகளை நீக்கியதும் மளமளவென்று ஓடி அட்டவணை வந்தது. பலரும் நிறுத்திக்கொள்ளும் இடம் இதுதான். நாங்கள் விழுந்த இடத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தோம். ஆரில் வரிசை எண் 1இல் தொடங்கும், சி மொழியில் 0இல். அதனால் நிரல் ஒவ்வொரு மருத்துவமனை எண்ணிலிருந்தும் 1ஐக் கழிக்கிறது. இந்தத் தரவிலோ ஒருங்கிணைப்பு மையத்துக்கு 0 என்று எண் கொடுத்திருந்தார்கள். சராசரிகள் 0, 1, 2 என்ற வரிசையில் அடுக்கப்பட்டிருக்க, 1ஆம் மருத்துவமனை நோயாளிகளுக்கு 0ஆம் மையத்தின் சராசரி கழிக்கப்பட்டது, 2ஆம் மருத்துவமனைக்கு 1இன் சராசரி. 0ஆம் மையத்துக்கு, பட்டியல் தொடங்குவதற்கு முந்தைய இடத்தில் ஆர் தன் சொந்தக் கணக்குக்கு வைத்திருந்த எண் கிடைத்தது. பூட்டிய வீட்டின் கதவை இடித்தால் ஊர் கூடும். திறந்து கிடக்கும் பக்கத்து வீட்டில் நுழைந்து எடுத்தால் யாருக்கும் தெரியாது. அத்தனை மருத்துவமனைகளுக்கும் தவறான கழித்தல், ஓர் எச்சரிக்கை வரிகூட இல்லை. வெற்று வரிகள் மட்டும் இல்லாதிருந்தால் அந்தக் கெழுக்கள் அப்படியே அச்சேறியிருக்கும்.

ஒரு முறை விழுந்து மறுமுறை ஓடும் நிரல்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. ஆர் அவ்வப்போது பயன்படாத பொருள்களை நினைவகத்திலிருந்து அகற்றும். இந்தப் பொருள் எனக்கு இன்னும் வேண்டும் என்று சி நிரல் முறையாக அறிவிக்காவிட்டால், நடுவழியில் அது பறிபோகும். எப்போது என்பது அந்தந்த நேரத்து நினைவக நிலையைப் பொறுத்தது. ‘ஜிசிடார்ச்சர்’ கட்டளையைப் போட்டால் ஒவ்வொரு முறை நினைவகம் கேட்கும்போதும் துப்புரவு நடக்கும், ஒளிந்திருந்த பிழை உடனுக்குடன் வெளிப்படும். மிக மெதுவாக ஓடும் என்பதால் சிறிய தரவில் செய்யுங்கள். லினக்ஸில் நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் என்ற கருவி இருந்தால் எல்லை மீறிய வாசிப்பைப் பல நேரங்களில் வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும்.

பழைய ஆரில் நிறுவிய பேக்கேஜைப் புதிய ஆரில் இழுத்துவந்து பயன்படுத்துவதும் விழச் செய்யும். 2020 ஏப்ரலில் 4.0.0 வந்தபோது எல்லாப் பேக்கேஜ்களையும் மீண்டும் நிறுவ வேண்டியிருந்தது. மறுநிறுவலில் சரியாகிவிட்டால் நல்லது. ஆனாலும் ஒரு சராசரியையாவது ஆரின் அடிப்படைக் கட்டளையால் தனியே கணக்கிட்டு ஒப்பிட்டுவிடுங்கள்.

பேக்கேஜைப் பராமரிப்பவருக்குக் கட்டாயம் எழுதுங்கள். நோயாளிகளின் தரவை அனுப்பக் கூடாது, பெயரை நீக்கியிருந்தாலும் கூடாது. பத்து வரிச் செயற்கைத் தரவு, விழச்செய்யும் ஒரு கட்டளை, ‘செஷன்இன்ஃபோ’ தரும் பதிப்பு விவரங்கள் போதும். நாங்கள் அனுப்பியது ஆறு வரிகளே. அடுத்த பதிப்பில் 0 அல்லது வெற்று எண் வந்தால் தெளிவான பிழைச்செய்தியோடு நிறுத்தும் சோதனையைச் சேர்த்துவிட்டார்கள். மாணவர் மருத்துவமனை எண்களை 1இலிருந்து மாற்றிக் குறியிட்டு, இரண்டு அட்டவணைகளைத் திருத்தி, பேக்கேஜின் பதிப்பு எண்ணை ஆய்வுமுறைப் பகுதியில் எழுதி வழிகாட்டியிடம் கொடுத்திருக்கிறார்.