சைலேஜ்: ஊறுகாய்ப்புல்லா, ஊறுதீவனமா?

உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் 'சைலேஜ்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். வேளாண் கையேடுகளில் அதுவே 'ஊறுகாய்ப்புல்', சில இடங்களில் 'பதப்படுத்திய பசுந்தீவனம்'. எந்தப் பெயரில் சொன்னாலும் பொருள் ஒன்றுதான்: பச்சையாக வெட்டிய தீவனப் பயிரைக் காற்றுப் புகாமல் அடைத்து, புளிக்கவைத்துச் சேமித்தது. மாடு, எருமை, ஆடு என அசைபோடும் கால்நடைகளுக்கானது.

தானியம் சேமிக்கும் நிலக்குழியைக் கிரேக்கர்கள் 'சிரோஸ்' என்றார்கள். அது லத்தீன் வழியாக ஸ்பானிய மொழியில் 'சிலோ' ஆனது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். குழியிலிட்டுக் காப்பதைப் பிரெஞ்சில் 'ஆன்சிலாஜ்' என்றார்கள். மக்காச்சோளத்தை இப்படிக் காக்கும் முறையை ஓகுஸ்த் கோஃபார் என்ற பிரெஞ்சுக்காரர் 1877இல் நூலாக எழுதினார். பின் சொல் ஆங்கிலத்தில் பரவி, முன்னெழுத்துகள் உதிர்ந்து 'சைலேஜ்' என்று நின்றது. ஆக, எதில் போட்டு வைத்தார்கள் என்பதை மட்டுமே மூலச்சொல் சொல்கிறது.

'ஊறு' என்று தொடங்கும் தமிழ்ச்சொல் உள்ளே நடப்பதையே சொல்லிவிடுகிறது. அந்த வகையில் மூலத்தைவிட மேலானது. இடறுவது நடுவில் வரும் 'காய்'. ஊறுகாய் என்றதும் மனம் உப்புக்குப் போகிறது, இலை ஓரத்தில் தொட்டுக்கொள்ளும் அளவுக்குப் போகிறது. சைலேஜ் தொடுகறி இல்லை. கறவை மாட்டுக்கு நாளுக்கு 15 முதல் 20 கிலோ வரை போடும் முதன்மையான தீவனம். அதைக் காப்பது உப்பும் இல்லை, அமிலம். நறுக்கிய பயிர்த்தாளை மிதித்து இறுக்கிக் காற்றை வெளியேற்றினால், தயிரைப் புளிக்கவைக்கும் வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் பயிரின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அமிலகாரத்தன்மை (pH, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4 அளவுக்கு இறங்கியதும் அழுகச்செய்யும் கிருமிகள் தலையெடுக்க முடியாது. அமிலம் சேர்த்துத் தீவனம் காக்கும் முறையை முக்கியமாகக் குறிப்பிட்டுத்தான் ஃபின்லாந்து வேதியியலாளர் விர்த்தனனுக்கு 1945இல் நோபல் பரிசே கிடைத்தது.

அதனால் நான் 'ஊறுதீவனம்' என்று எழுதுகிறேன். ஊறுகாயைப் போலவே இதுவும் வினைத்தொகை: ஊறிய, ஊறுகின்ற, ஊறும் தீவனம். புல் என்று குறுக்காததால் கரும்புக் கொழுந்தாடைக்கும் (கரும்பின் நுனித்தோகை) வாழைத்தண்டுக்கும் பொருந்தும். 'பதப்படுத்திய பசுந்தீவனம்' தவறில்லை, ஆனால் ஊறுவதை அது சொல்வதில்லை. எப்படிப் பதப்படுத்தினாலும் அந்தப் பெயர் பொருந்திவிடும்.

மதுரை வட்டாரத்தில் காய்ந்த தீவனம் சேமிப்பது புதிதல்ல. வைக்கோல் படப்பும் சோள நாத்துப் படப்பும் பழைய வழக்கம்தான். பச்சையைப் பச்சையாகவே கோடைக்கு வைத்துக்கொள்வதுதான் இதில் புதுசு. மக்காச்சோளம் இதற்கு முதல்தரம். கதிரில் பால் முற்றி மாவாக இறுகும் பருவத்தில் வெட்டவேண்டும். அப்போது ஈரம் 65 முதல் 70 சதவீதம் இருக்கும், சர்க்கரையும் போதும். கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்லில் ஈரம் அதிகம், சர்க்கரை குறைவு. அதைச் சற்று வாடவிட்டு, 2 சதவீதம் வெல்லப்பாகு கலந்தால் நன்றாக ஊறும். பயறுவகைத் தீவனமான வேலிமசாலைத் தனியாக அடைக்காதீர்கள், மக்காச்சோளத்தோடு கலந்து அடையுங்கள்.

அலங்காநல்லூர், வாடிப்பட்டிப் பக்கம் கரும்பு வெட்டும்போது கொழுந்தாடை ஒரே நேரத்தில் குவிகிறது. சில நாளில் காய்ந்து வீணாகும் அதை ஊறவைத்தால் ஒரு வீட்டு மாடுகளுக்குப் பல வாரம் வரும். கைப்பணம் போட்டுத் தீவனம் வாங்கும் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. வாழைத்தண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் தண்ணீர், ஆகவே நறுக்கிய வைக்கோல் சேர்த்தே அடைக்கவேண்டும்.

ஈரம் பார்க்க மீட்டர் வேண்டாம். 2, 3 செ.மீ. துண்டாக நறுக்கிய தாளை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் ஈரம் கூடுதல், இன்னும் வாடட்டும். விரித்த உடனே பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, காற்று தங்கிப் பூஞ்சை பிடிக்கும். உருண்டை மெல்லப் பிரிந்து, உள்ளங்கை மட்டும் ஈரமாக இருந்தால் அதுவே பதம்.

சுமார் 45 நாள் கழித்துப் பிரித்தால் நல்ல ஊறுதீவனம் மஞ்சள் கலந்த பச்சையாக, இனிப்பும் புளிப்புமாக மணக்கும். கறுத்திருந்தாலோ, வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தாலோ, வாடை குமட்டினாலோ அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுங்கள். சினை மாட்டுக்கு அது கருச்சிதைவு வரை கொண்டுபோகலாம். அடைப்பைப் பிரித்த வாயை அன்றன்று எடுத்ததும் மூடவேண்டும். தீவன வாடை பாலில் ஏறாமலிருக்க, கறந்து முடித்த பிறகு போடுங்கள்.